சத்தம் போடாத வண்டி

"ரெண்டு வண்டியுமே அஞ்சு ஸ்டார் சார். மோதினாக்கூட உள்ள இருக்கறவங்களுக்கு ஒரு கீறல் விழாது" என்றான் விற்பனையாளன்.

"உள்ள இருக்கறவங்களை விடுங்க. நான் பின்னாடி நிக்கறேன், மெதுவா ரிவர்ஸ் எடுங்க" என்றார் வாடிக்கையாளர்.

கிறுக்குப் பிடித்த ஆளிடம் மாட்டிக்கொண்டோமோ? விற்பனையாளன் ஷோரூம் வாசல் பெஞ்சில் இருந்த அவர் மனைவியைப் பார்த்தான். அந்தம்மா கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். சற்று முன் என்ன கலர் வேண்டும் என்று கேட்டபோது, "எது நல்லா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க" என்று சிரித்தவர்தான்.

வாடிக்கையாளர் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

முதல் எலக்ட்ரிக் எஸ்யூவி பூனை போலப் பின்னால் நகர்ந்தது. மனிதர் அசையவே இல்லை. ஒரு சாண் இடைவெளியில் விற்பனையாளன் பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தான்.

"இன்னும் கிளம்பலையா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"சார், சத்தமே வராததுதான் இதோட பெருமை."

"அடுத்ததை எடுங்க."

அடுத்த வண்டி நகரும்போதே மெல்ல ரீங்கரித்தது.

"என்னங்க, வருது. தள்ளிக்கோங்க" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

அவர் விலகிக் கண்ணைத் திறந்தார். வெகுநேரம் அடக்கியிருந்த மூச்சை விட்டார்.

"இதையே புக் பண்ணுங்க. காலையில நான் வண்டி எடுக்கற நேரத்துலதான் இவ வாசல்ல செடிக்குத் தண்ணி ஊத்துவா."

அந்தம்மா எழுந்தார். கைப்பையிலிருந்து மடித்த வெள்ளைக் கோலை எடுத்து விரித்து, தட்டிக்கொண்டே வந்து வண்டியைத் தொட்டுத் தடவினார்.

"இது என்ன கலர் தம்பி?"