பறவைகளோடு ஒரு படம்

"ஒரு படம்கூட இல்லை" என்றார் ஸ்ரீகாந்த்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தலைவர் அவர். புலம்பெயர்ந்த நாட்டின் புறநகரான கிரான்பர்னில் வாடகைக்கு எடுத்த வகுப்பறையில், பாலர்களுக்கான குட்டிக் கதிரைகளில் நிர்வாகக் குழு முழங்கால்களை மடக்கி அமர்ந்திருந்தது. விசாரிக்கப்படுபவர் நிரூபா ரீச்சர்.

"முப்பத்திரண்டு பிள்ளையளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள். ஒரு படமும் எடுக்காமல் அங்க என்ன செய்தனீங்கள்?"

"பறவை பார்த்தனாங்கள்."

"எவ்வளவு தூரத்தில நிண்டு?"

"இருநூறு மீற்றர். தொலைநோக்கியால."

"என் பொண்ணு ஒரு புள்ளியைப் பார்த்தேன்னு சொல்றா" என்றார் பெற்றோர் பிரதிநிதி வைதேகி. "புள்ளியைப் பார்க்க எதுக்கு டீச்சர் பஸ்? எங்க வீட்டுச் சுவர்லயே நிறைய இருக்கு."

குழு சிரித்தது. நிரூபா சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ளி சைபீரியாவில இருந்து வந்த உள்ளான் குருவி. நிறை முப்பது கிராம். அடுத்த மாதம் திரும்பிப் போகவேணும். கடல் பெருகுற நேரத்தில அது கரையில ஒதுங்கி நித்திரை கொள்ளும். நாங்கள் கிட்டப் போனால் பயந்து எழும்பும். ஒவ்வொரு தரம் எழும்பேக்கையும், பயணத்துக்கெண்டு சேர்த்து வைச்ச கொழுப்புக் கரையும். கொழுப்பு முடிஞ்சால் பாதி வழியில கடலுக்குள்ள விழும். கிட்டப் போகாமல் இருக்கிறதுதான் பாடம்."

"போகாமல் இருக்கிறதுக்கு எதுக்கு ரீச்சர் போனனீங்கள்?"

இதற்கு நிர்வாகக் குழு முன்னையதைவிட நீளமாகச் சிரித்தது. தலைவரின் நகைச்சுவைக்கு அவ்வளவு மரியாதையாவது செய்யவேண்டும் அல்லவா?

தீர்ப்பு அன்றே வந்தது. கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிய வகுப்பு நிரூபாவிடமிருந்து பறிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளாக அவர் தன் கையால் பாடம் எழுதி, படம் வரைந்து, கட்டி எழுப்பிய வகுப்பு அது.

"நீங்கள் இனிப் பாலர் வகுப்பில அ, ஆ எழுதப் பழக்குங்கோ. கடலை நான் பார்க்கிறன்."

ஸ்ரீகாந்த் கடலைப் பார்த்த விதம் மறக்க முடியாதது. அடுத்த சனிக்கிழமை, 'வலசைப் பறவைகளைக் காப்போம்' என்று அச்சிட்ட மஞ்சள் மேற்சட்டைகள், எட்டடிப் பதாகை, ஒலிபெருக்கி, ட்ரோன், இருநூறு மீன் ரோல்ஸ் ஆகியவற்றுடன் பள்ளி அதே கரையில் இறங்கியது. "ஓடுங்கோ, கையை விரிச்சுக்கொண்டு ஓடுங்கோ" என்று தலைவர் ஒலிபெருக்கியில் ஆணையிட்டார். பிள்ளைகள் ஓடினார்கள். நித்திரையிலிருந்த ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே வீச்சில் வானத்துக்கு எழும்பின.

படம் அற்புதமாக அமைந்தது. பள்ளியின் ஆண்டுமலருக்கு அதுவே அட்டை.

மூன்று மாதம் கழித்து, கரையோரப் பறவைகளைக் கவனிக்கும் அரச அலுவலகமொன்றிலிருந்து கடிதம் வந்தது. ஆண்டுமலரில் கண்ட அந்தப் படத்தைக் கடற்கரையில் நிரந்தர அறிவிப்புப் பலகையில் வைக்க அனுமதி தருவீர்களா என்று கேட்டிருந்தார்கள். பதில் எழுதி முடித்த சில நாளில் ஸ்ரீகாந்த் அதை எடுத்துக்கொண்டு பாலர் வகுப்புக்கு வந்தார்.

"பார்த்தீங்களோ ரீச்சர்? படத்தின்ர அருமை அரசாங்கத்துக்குத் தெரியுது."

நிரூபா கடிதத்தை முழுவதும் வாசித்தார்.

"அண்ணை, இரண்டாம் பக்கத்தையும் வாசிச்சனீங்களோ?"

"முதல் பந்தி வாசிச்சதே காணும், மிச்சம் தேவையில்லை. அனுமதி குடுத்திட்டன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டனான். பலகையில ஆங்கிலத்துக்குக் கீழ தமிழும் இருக்கவேணும், பெரிய எழுத்தில. ஓமெண்டிட்டாங்கள். மொழிபெயர்ப்பு உங்கட பொறுப்பு."

"அவையள் எழுதினதைத்தானே நான் தமிழில எழுதலாம்? அண்ணை, ஒருக்கா அந்தப் பக்கத்தை…"

"அதைத்தானே சொல்லுறன். ஒரு சொல்லும் விடாமல் எழுதுங்கோ."

நிரூபா ஒரு சொல்லும் விடவில்லை.

திறப்பு விழாவுக்கு எண்பது பேர் வந்திருந்தார்கள். ஸ்ரீகாந்த் பட்டு வேட்டியில் வந்திருந்தார். கடற்காற்று அதை மதிக்கவில்லை. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பலகையை மூடியிருந்த துணியை விலக்கினார். மஞ்சள் மேற்சட்டைகளும் பதறி எழும் பறவைகளும் ஆளுயரத்தில் தெரிந்தன. பலத்த கைதட்டல். ஆங்கிலத்தை வாசிக்க ஒருவரும் மினக்கெடவில்லை. தமிழைக் காட்டிப் பெருமைப்படத்தானே வந்திருந்தார்கள்?

"தர்ஷனா, தமிழை நீ வாசி பிள்ளை. எல்லாருக்கும் கேட்கட்டும்" என்று ஸ்ரீகாந்த் தன் மகளிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்.

தர்ஷனா எழுத்துக்கூட்டாமல், தெளிவாக வாசித்தாள்:

"'இப்படிச் செய்யாதீர்கள். இவர்கள் பறவைகளைக் காக்கவில்லை, துரத்துகிறார்கள். இந்தப் படத்தில் உள்ள பறவைகளுள் சில, தம் இருப்பிடம் போய்ச் சேர்ந்திருக்க மாட்டா.'"

கைதட்டிய கைகள் எல்லாம் சட்டைப்பைகளைத் தேடின. வைதேகி மெல்ல நகர்ந்து நிரூபாவின் அருகே வந்தார்.

"டீச்சர், என் பொண்ணுக்குப் பதினொரு வயசுதான். உங்க பாலர் வகுப்புல ஒரு இடம் கிடைக்குமா?"

"காணும் பிள்ளை, அதைத் தா" என்று ஸ்ரீகாந்த் ஒலிபெருக்கிக்குக் கை நீட்டினார்.

"பொறுங்கோ அப்பா, இன்னும் ஒரு வரி கிடக்கு" என்ற தர்ஷனா, அதையும் உரத்து வாசித்தாள்.

"'படம் தந்து உதவியவர்: திரு. ஸ்ரீகாந்த், தலைவர்.'"