முகம் பார்க்கக் கூடாது

ஓர் ஏரிக்கரையில் ஆந்தையும் தவளையும் சிநேகிதர்கள். வலசைப் பறவைகள் வரும் ஐப்பசியில், முகம் பார்க்காமல் குரலை வைத்தே இன்ன பறவை என்று சொல்வதுதான் அவர்கள் விளையாட்டு.

அன்றைக்கு நல்ல மேகமூட்டம். இருட்டில் மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. "கீழே இருக்கிறது தண்ணியா, தரையா? யாராவது சொல்லுங்களேன். இறக்கை விட்டுப்போச்சு!"

"கிளுவை வாத்துதானே அண்ணே?" என்றது தவளை.

"போடா, இது ஊசிவால் வாத்து. குரல்ல கரகரப்பு இருக்கு பார்," என்றது மரத்திலிருந்த ஆந்தை. "தாயி, இன்னொரு தடவை கத்து!"

"ஐயோ, விழப்போறேன்! தண்ணியா, தரையா?"

"பார்த்தியா, கிளுவையேதான்!" தவளை சந்தோஷத்தில் துள்ளி ஏரிக்குள் விழுந்தது. தொபுக்!

"அப்பாடா, தண்ணி!" சத்தம் வந்த இடம் பார்த்து அந்தப் பறவை இறங்கியது.

"இறங்கிட்டாளே! தம்பி, பார்த்துடாதே, அது போங்காட்டம்!" என்று ஆந்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. தவளையும் மூடிக்கொண்டது.

"தாயி, ஒரே ஒரு தடவை பேசு."

அதற்குள் வந்தவள் களைப்பில் அப்படியே தூங்கிப்போனாள். கொஞ்ச நேரத்தில் குறட்டைதான் கேட்டது.

ஆந்தை காதைத் தீட்டிக்கொண்டது. "தம்பி, இது எந்த வாத்தோட குறட்டை?"