செய்முறைத் தேர்வு

விழுப்புரத்தில் ஒரு பஸ் கம்பெனி ஷெட். மெக்கானிக் வேலை கேட்டுத் திண்டிவனத்திலிருந்து வந்த தேவசகாயத்தை ஒரு டீசல் அம்பாசடர் முன்னால் நிறுத்தினார் மேனேஜர் வெங்கடாசலம்.

“காலையில ஸ்டார்ட் ஆகாது. கோளாறு எங்கன்னு கண்டுபுடிச்சா இப்பவே வேலைக்கு ஆர்டர். உனக்கு முன்னாடி மூணு பேரு தோத்துட்டுப் போய்ட்டாங்க.”

தேவசகாயம் பானெட்டைத் திறந்தான். இந்தத் தடவை வேலையோடுதான் வருவேன் என்று மனைவி அம்சாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

சாவியைத் திருப்பி, கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்பை ஹீட்டர் பிளக்கில் வைத்தான். எரியவில்லை. சுவிட்சில் வைத்தான், எரிந்தது.

“இஞ்சின சூடாக்குற ஹீட்டருக்குக் கரண்டே போவல சார். நடுவுல எங்கியோ ஒயர் அறுந்திருக்கு.”

லேம்பை மறுபடி பிளக்கில் வைத்து, ஒயரை அங்குலம் அங்குலமாக வளைத்தான். ஒயரைப் பிடித்திருந்த கிளிப்புக்குக் கீழே ஓரிடத்தில் வளைத்தபோது லேம்ப் மினுக்கியது. அங்கே உறையைக் கீறி, அறுந்த கம்பியை முறுக்கிச் சேர்த்தான். லேம்ப் நின்று எரிந்தது.

“திங்கக்கிழமை வந்துடு” என்றார் வெங்கடாசலம்.

“வர்றேன் சார். ஒண்ணே ஒண்ணு. மேல உறை கிழியாம உள்ள கம்பிய மட்டும் எப்படி சார் அறுத்து வெச்சீங்க?”

வெங்கடாசலம் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“என் வண்டி ஒயர நானே எதுக்குய்யா அறுக்கப் போறேன்? ஆறு மாசமா தினம் காலையில என் வீட்டுக்காரிதான் தள்ளிக்கினு இருக்கா.”