இருபது கிளிக்

"கல்லு மாதிரி இருக்கணும் மாஸ்டர். வளைவுல திருப்பினா வண்டி ஒரு நூல்கூடச் சாயக் கூடாது."

சொன்னவர் பல் டாக்டர். வயது ஐம்பத்தெட்டு. வண்டி, இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதற்குப் புது சஸ்பென்ஷன் போடத்தான் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தார்.

மாஸ்டர் எனப்பட்ட மெக்கானிக் இந்த விஷயத்தில் கொள்கைப் பிடிப்பு உள்ளவர்.

"ரேஸ் டிராக் வேற, தெரு வேற சார். ரொம்ப இறுக்கினா ஒவ்வொரு பள்ளத்துலயும் சக்கரம் எகிறும். தரையில படாத சக்கரம் எந்தப் பக்கம் திரும்பி என்ன பிரயோஜனம்?"

"அதெல்லாம் படிச்சாச்சு. ஷாக் அப்சார்பர் தலையில ஒரு திருகு இருக்கும், மொத்தம் இருபது கிளிக். இருபதையும் இறுக்கிடுங்க."

டாக்டரின் மனைவி வாசல் பக்கம் நின்றிருந்தார். கார் முன்னால் வர, அவர் பின்னால் பஸ்ஸில் வந்திருந்தார். கார் வாங்கி இரண்டு வருஷமாகிறது. முதல் நாள் ஏறினவர்தான், அப்புறம் ஏறவே இல்லை.

"ஏன் மேடம், நீங்களும் வண்டியிலயே வந்திருக்கலாமே?" என்றார் மெக்கானிக்.

"எங்க இடம்? ஒரு சீட்ல இவர் உட்காருவார். இன்னொண்ணுல இவர் பெருமை உட்காரும்."

டாக்டர் சிரித்தார். ஆனால் அந்தக் காலி சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

மறுநாள் அந்த அம்மாள் தனியாக வந்தார்.

"தம்பி, எனக்காக ஒரு பொய் சொல்வீங்களா?"

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத் தொழிலில் யாரும் அவரிடம் இவ்வளவு நேர்மையாகப் பொய் கேட்டதில்லை.

"முப்பது வருஷமா அடுத்தவங்க வாய்க்குள்ள குனிஞ்சு பார்த்த முதுகு. ஒரு டிஸ்க் விலகியிருக்கு. குலுங்கவே கூடாதுன்னு எலும்பு டாக்டர் சொல்லிட்டார். வித்துடுங்கன்னா இவர் மூஞ்சி தொங்கிப்போகுது. வலிக்கிறதை வெளிய சொல்லவும் மாட்டார். பக்கத்துல உட்கார்ந்து அதைப் பார்க்க என்னால முடியலை, அதான் ஏறறதில்லை. நீங்க மெத்துனு வெச்சுட்டு, கல்லு மாதிரி வெச்சேன்னு சொல்லிடுங்க."

"கண்டுபிடிச்சுடுவாரே அக்கா?"

"வீட்ல சோபாவை மாத்தி நாலு மாசம் ஆச்சு. இன்னும் அவருக்குத் தெரியாது."

இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. புண்ணியமும் கொள்கை வெற்றியும் ஒரே பொய்யில் கிடைப்பது அபூர்வம் அல்லவா? மெக்கானிக் நாலு சக்கரத்துக்கும் புது ஷாக் அப்சார்பரைப் பொருத்தினார். திருகை நாலாவது கிளிக்கில் நிறுத்தினார்.

சனிக்கிழமை டாக்டர் வண்டியை எடுக்க வந்தார். மனைவி இந்தத் தடவையும் பஸ்தான்.

"இருபதும் இறுக்கியாச்சு சார். முதுகைக் கொஞ்சம் பார்த்துக்குங்க," என்றார் மெக்கானிக், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

டாக்டர் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார். ஸ்பீடு பிரேக்கரில் வேண்டுமென்றே ஏற்றி இறக்கிவிட்டு வந்தார்.

"அப்பாடா. ஒவ்வொரு கல்லும் எலும்புல எழுதுது மாஸ்டர். ஹேண்ட்லிங்னா இதுதான்."

மெக்கானிக் சட்டென்று ஆயில் டப்பா அலமாரியின் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்க வேறு இடம் இல்லை.

"இவ்வளவு சொல்றீங்க, நானும் ஒரு தடவை உட்கார்ந்துதான் பார்க்கிறேனே," என்று டாக்டரின் மனைவி கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். போகிற போக்கில் மெக்கானிக்கைப் பார்த்து லேசாகக் கண் சிமிட்டியதுபோல் இருந்தது.

அன்று மதியம் வரை மெக்கானிக்குக் குஷி. பல்லில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவருக்கு இருபதுக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று நினைத்து நினைத்துச் சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் சக்கர அலைன்மென்ட் பார்க்கத் தனியாக வந்தார்.

"எப்படி சார் இருக்கு கல்லு?"

"பிரமாதம். தினம் சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரு சுத்து போறோம். மேடு வந்தா நான் 'ஐயோ, என்ன குலுக்கல்'னு சொல்வேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டுச் சிரிப்பா."

மெக்கானிக்கின் சிரிப்பு பாதியில் நின்றது. "எதுக்குச் சிரிக்கிறாங்க சார்?"

டாக்டர் பானெட்டைத் தூக்கினார். ஊசி போடும் நிதானத்தோடு இரண்டு விரலால் திருகைக் கடைசிவரை தளர்த்தினார். டக், டக், டக், டக். மறுபடி அதே நாலு கிளிக் இறுக்கினார்.

"வண்டியை எடுத்த அன்னிக்கே எண்ணிட்டேன் மாஸ்டர்."

மெக்கானிக்குக் காது சூடாகிவிட்டது. "தப்பா நினைக்காதீங்க சார். அக்கா வந்து சொன்னாங்க... இப்பவே இருபது வெச்சுடறேன்."

"கையை எடுங்க. எனக்கு முதுகுவலி விட்டதே இந்த நாலுலதான்."

"அப்ப முதல்லயே நாலு போதும்னு சொல்லியிருக்கலாமே. எதுக்கு சார் அவ்வளவு பிடிவாதமா இருபது கேட்டீங்க?"

டாக்டர் பானெட்டை மெதுவாக மூடினார்.

"இருபதுன்னு அடம்பிடிச்சா அவ சும்மா இருக்க மாட்டாள்னு தெரியும் மாஸ்டர். நான் நாலு கேட்டிருந்தா, அது எப்பவும்போல என் வண்டிதான். இப்ப இது அவ எனக்குத் தெரியாம சரி பண்ணின வண்டி. அதான் தினமும் ஏறி உட்கார்றா."