கிழக்குச் சுவர்

ஜூலை எட்டாம் தேதி, சனிக்கிழமை மாலை நான்கு மணி மழையில், கரிசல்புதூர் நடுநிலைப் பள்ளியின் மேற்குச் சுற்றுச்சுவர் விழுந்தது. ஆள் சேதம் இல்லை. இரண்டு ஆடுகள் செத்தன.

தொகுதியின் இடைத்தேர்தலுக்குப் பதினோரு நாள் இருந்தது.

மறுநாள் மாலை ஏழு மணிக்கு அவள் பள்ளியின் சத்துணவுக் கூடத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காதில் ஒயர். எதிரே ஸ்டாண்டில் ஒரு செல்போன்.

பதினாறு வருடமாக அங்கே அமைப்பாளர் அவள்தான்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம்.

கிழக்குச் சுவர். வெளியே நிற்கும் புங்கமரம் வேரால் அதை உள்பக்கம் தள்ளிவிட்டது. அதே மரம்தான் உள்ளே நிழலும் தருகிறது. எண்பத்திரண்டு பிள்ளைகளும் தட்டை எடுத்துக்கொண்டு அங்கேதான் ஓடும். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு சாப்பிடும்.

ஜூனில் தலைமையாசிரியரிடம் மனு கொடுத்தாள். மேலே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை. டிவிதான் வந்தது.

"ரெண்டு நிமிஷம் தருவாங்கக்கா. சுத்தி வளைக்காம பட்டுனு சொல்லிருங்க" என்றான் செல்வின். சேனலின் உள்ளூர் நிருபர்.

அவனுடைய இன்னொரு செல்போனில் நேரலை ஓடியது, அரை நிமிடம் பிந்தி. நான்கு கட்டங்கள். ஒன்றில் நெறியாளர். இரண்டில் கட்சிப் பேச்சாளர்கள். கடைசிக் கட்டத்தில் அவள். முகத்துக்கு அடியில் 'பாதிக்கப்பட்டவர்' என்று போட்டிருந்தார்கள். செத்தது அவள் ஆடுகள் அல்ல.

தலைப்பு: யார் கட்டிய சுவர்?

உங்க ஆட்சியில் கட்டினது. உங்க ஆட்சியில் விழுந்தது. நான் குறுக்கிடலை. நீங்கதான் குறுக்கிடறீங்க.

நாற்பது நிமிடம் போனது. கொசு கடித்தது. காலை அசைத்தால் படத்தில் தெரியும் என்று செல்வின் சொல்லியிருந்தான். அசைக்கவில்லை.

"அம்மா, நீங்க சொல்லுங்க."

அவளைத்தான்.

"சார், விழுந்தது மேக்குச் சுவரு. கெழக்குச் சுவரு இன்னும் நிக்கி. சாஞ்சு நிக்கி சார். எந்நேரமும் விழுந்துரும்..."

"கேட்டீங்களா!" எதிர்க்கட்சிக்காரர் மேசையைத் தட்டினார். "ஒரு சாமானியப் பெண்மணி எவ்வளவு அழகா சொல்லிட்டாங்க! சாஞ்சு நிக்கிற சுவர்! இந்த ஆட்சியோட நிலைமை அதுதான். எந்நேரமும் விழும்!"

"சாஞ்சது உங்க கூட்டணி" என்றார் ஆளுங்கட்சிக்காரர். "முட்டுக் குடுக்க ஆள் தேடிட்டு இருக்கீங்க."

நெறியாளர் சிரித்தார்.

"சார், நான் சுவரச் சொல்லுதேன்..."

"நாங்களும் அதைத்தாம்மா பேசிட்டிருக்கோம். ஒரே வார்த்தையில சொல்லுங்க. அந்தச் சுவர் எந்த ஆட்சியில கட்டினது?"

"ரெண்டு சுவரும் ஒரே காண்ட்ராக்டருதான் சார். பிள்ளைய அதுக்கடியிலதான்..."

காதில் விளம்பரம் ஓடியது. சிமெண்ட் விளம்பரம்.

பிறகு ஸ்டுடியோவிலிருந்து ஒரு பெண் குரல். "சூப்பரா பேசினீங்கம்மா. செம பஞ்ச். தேங்க்ஸ்மா."

"தாயி, நான் செங்கச் சுவரத்தான் சொன்னேன்."

இணைப்பு போயிருந்தது.

செல்வினின் செல்போனில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அடியில் சிவப்புப் பட்டை நகர்ந்தது. 'எந்நேரமும் விழும் ஆட்சி: பெண் ஆவேசம்.'

"விடுங்கக்கா" என்றான் செல்வின், ஸ்டாண்டை மடக்கியபடி. "பேச்சு நல்லா எடுபட்டுருக்கு."

"சுவரு?"

அவன் பைக்கை உதைத்தான்.

திங்கட்கிழமை மதியம் அவள் சுவரோரம் ஒரு கயிற்றைக் கட்டினாள். பிள்ளைகளை நடு மைதானத்தில் வரிசையாக உட்காரவைத்தாள்.

"டீச்சர், சுடுது."

"சுடட்டும். சட்டுனு தின்னுட்டு எந்திரி."

ஒரு பையன் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். யாரோ விழுந்த சுவருக்கு அப்பால் நின்று அதைப் படமெடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தலைப்பு: வெயிலில் வாடும் பிஞ்சுகள். யார் காரணம்?

அதே நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் அந்தப் படம். பிள்ளைக்கு நிழல்கூடத் தர முடியாத ஆட்சி என்றார் ஒருவர். அந்த அம்மா யாருடைய ஆள் என்று ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டதே என்றார் மற்றவர்.

கயிறு எதற்கு என்று நெறியாளர் கேட்கவில்லை.

அவள் வீட்டில் நின்றபடியே பார்த்தாள். ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினாள். பிறகு, கேட்கட்டும் என்பதுபோல், டிவியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"கெழக்குச் சுவரு."

விவாதம் தொடர்ந்தது.

புதன்கிழமை ஆணை வந்தது. அனுமதியின்றி ஊடகத்தில் அரசுக்கு எதிராகப் பேசியது ஒன்று. பள்ளிக் குழந்தைகளைக் கடும் வெயிலில் அமர்த்தி உணவு வழங்கியது இரண்டு. தற்காலிகப் பணி நீக்கம்.

சாவியை ஒப்படைக்கும்போது புதிதாக வந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் கவனமாகத்தான் கேட்டாள்.

"எனக்கு எதுக்குக்கா அரசியல்?" என்றாள்.

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு நாற்பதுக்குக் கயிறு அவிழ்க்கப்பட்டது. பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.