இது எண்டால் எது?

போன வெள்ளிக்கிழமை, செபமாலை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது லூர்தம்மா எனக்குச் சொன்னது இது. அவவின் மகள் பிறின்சி இந்த முறை சாதாரணதரச் சோதனை எழுதுகிறாள்.

மன்னாரில் ஒரு சேர் சூமில் கணிதம் படிப்பிக்கிறார். திரையில் எழுதிக்கொண்டே, "இதை இதால பிரிச்சால் இது வரும்" என்பார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

பிறின்சி ஒவ்வொரு முறையும் மைக்கைத் திறப்பாள்.

"இது எண்டால் எது, சேர்?"

"கண்ணைத் திறந்து பாரும் பிள்ளை. எழுதித்தானே கிடக்கு."

"ஒருக்கா வாசிச்சு விடுங்கோ சேர்."

மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களாம். 'எது' என்றே அவளுக்குப் பட்டமும் வைத்துவிட்டார்கள்.

வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் தாய்மார் அதற்கும் மேலே போனார்கள். மன்னார்க் கழுதையைப் பிடித்து இருத்தினாலும் இதைவிடக் கெதியாய் விளங்கும் என்று ஒருத்தி குரல் பதிவு போட, மற்றவர்கள் சிரிக்கிற முகங்களாய்ப் போட்டார்களாம். அதே குழுவில் லூர்தம்மாவும் இருக்கிறா என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எல்லாரையும்விடக் கூடத் துள்ளியது மேரிசெல்வி. ஞாயிறு பூசையில் முன்வரிசை வாங்கை விட்டு அசையாதவ.

"ஒரு மக்குக்காக எங்கட பிள்ளையளும் கெடோணுமோ? அவளை வெளியில விடுங்கோ சேர்."

உனக்கு உண்மையாகவே விளங்கவில்லையோ என்று லூர்தம்மா மகளிடம் கேட்டிருக்கிறா. அவள் கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாளாம்.

சோதனைக்கு ஆறு கிழமை இருக்க, சேர் அவளை வகுப்பிலிருந்து நீக்கிவிட்டார்.

அடுத்த வகுப்பு நல்ல அமைதியாம். சேர் இதை இதால் பிரித்து முடித்தார். அப்போது, இதுவரை மைக்கையே திறக்காத ஒரு பிள்ளை கதைத்தாள்.

"சேர், நீங்கள் திரையில எழுதுறது எனக்குத் தெரியாது. கண் மங்கிக்கொண்டு போகுது. பிறின்சி கேட்டதெல்லாம் எனக்காகத்தான். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு அம்மா என்னட்டச் சத்தியம் வாங்கினவ. பிறின்சிக்கு மட்டும்தான் சொன்னனான்."

கதைத்தது நிறஞ்சலா. மேரிசெல்வியின் ஒரே மகள்.

இப்போது சேர் ஒவ்வொரு எண்ணையும் வாசித்து வாசித்துத்தான் எழுதுகிறாராம். பிறின்சியைத் திருப்பிக் கூப்பிட மட்டும் அவருக்கு வெட்கமாம்.

அதுதான் இதை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் சேருக்குச் சொந்தம்தானே. ஒருக்கா போன் எடுத்து, அவளைக் கூப்பிடச் சொல்லிவிடுங்கோ.