நான்காவது வரிசை

நான்காவது வரிசையை மூன்றாவது வரிசையோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். முக்கால் சாண் குறைந்தது.

தையலைப் பிரித்துவிட்டு, ஓரம் அதிகம் மடியாமல் மறுபடி தைத்தேன். அப்போதும் குறைந்தது.

நாளைக் காலை போளூர் பஸ்ஸில் வடிவு பூந்தமல்லி வந்து இறங்குகிறாள், மூன்று மாதக் குழந்தையோடு. மண்ணூர்பேட்டை வீட்டுக்கு வந்ததும் எங்கள் மகளை இந்தப் போர்வையில்தான் படுக்க வைக்க வேண்டும் என்பது அவள் கட்டளை.

மேல் மூன்று வரிசையை வளைகாப்பு முடிந்து தாய்வீடு போவதற்கு முன்பே அவள் தைத்துவிட்டாள். படம், அச்சு ஒன்றும் கிடையாது. ஒரு கட்டம் கோடு போட்ட துணி, ஒரு கட்டம் வெள்ளை, வரிசைக்கு ஆறு. துணி எல்லாம் எங்கள் பட்டறையில் எண்ணெய் துடைக்க மூட்டையாக வரும் எக்ஸ்போர்ட் வேஸ்டில் நான் பொறுக்கியது. அளவு என் இடது கைச் சாண். நான் சாண் வைத்து வெட்டிப் போட, அவள் தைத்தாள்.

மீதி மூன்று வரிசை உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

பொறுப்பான மனிதன்தான் நான். நேற்று வரை ஊசியைத் தொடவில்லை.

முதலில் துணிமேல் சந்தேகம் வந்தது. துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று பார்த்தால், துவைக்கவே இல்லை. பிறகு கத்தரிக்கோலைத் திட்டினேன். பாவம், அது பதில் சொல்லவில்லை. ஆறு மாதமாக இந்த அறையில் எதுவும் பதில் சொல்வதில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் நானும் வணக்கம் சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

பக்கத்துப் போர்ஷன் நாகம்மாள் கொடியில் துணி எடுக்க வந்தவள், வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கஜபதி, மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவா கீது? எந்தக் கையால அளந்தே?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று ஏதோ சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

இடது கையைத் துணிமேல் விரித்து வைத்தேன். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரு சாண். சுண்டுவிரல் நுனி அரித்தது. இரண்டு மாதமாக இப்படித்தான் அரிக்கிறது.

சொறியப் போனால் அங்கே விரல் இல்லை. பட்டறையில் தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸுக்கு அடியில் போய்விட்டது. நேற்று அளந்தபோதும், அது இருப்பதாகவே கை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பதினோராம் நாள் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நடந்தது இது. வடிவுக்கு இதை எழுதவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, அழுதால் பால் வற்றிவிடும் என்று பயம். ஓவர்டைம், வரமுடியவில்லை என்று நான்கு இன்லண்ட் லெட்டர் போட்டேன். பட்டறை ஆட்கள் முதல் வாரம் வந்தார்கள், அப்புறம் வரவில்லை. யாரிடமாவது சொல்லி அழவேண்டும் போலத்தான் இருந்தது. அந்த யாரோ போளூரில் இருந்தாள்.

குறைந்த துண்டுகளை ஒதுக்கிவிட்டு மூட்டையைப் பிரித்தேன். இந்தத் தடவை வலது கையால் சாண் வைத்தேன். கத்தரியைக் கீழே வைப்பதும் எடுப்பதுமாக, பதினெட்டுத் துண்டு வெட்ட நேரம் பிடித்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் நான்காவது வரிசை மூன்றாவதோடு நூல் பிசகாமல் சேர்ந்தது. இன்னும் இரண்டு வரிசைதான். முடித்துவிடுவேன்.

போர்வையைப் பார்த்து வடிவால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

பஸ் படியில் நின்றபடியே, பிடியுங்கள் என்று பாப்பாவை நீட்டுவாள். நான் இரண்டு கையையும் நீட்டும் வரை அவளுக்குத் தெரியாது.